லேசர் என்றால் கத்தி இல்லையா?

வாசகர் கேள்விகள்: புராஸ்டேட் அடைப்பும் லேசர் அறுவைச் சிகிச்சையும்

வயதான ஆண்களுக்கு வரும் சிறுநீர் அடைப்பு பற்றிய கேள்விகளில் லேசர் தொடர்பானவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டோம். பலர் கேட்டிருந்த ஒரே கேள்வியை ஒன்றாக்கியிருக்கிறோம். பதில் தருவது சிறுநீரகவியல் மருத்துவர் குழு.

கேள்வி: எனக்கு வயது 66. இரவில் நான்கு முறை எழுந்து போக வேண்டியிருக்கிறது. ஸ்கேனில் புராஸ்டேட் 48 கிராம் என்று வந்திருக்கிறது. இந்த அளவுக்கு லேசர் செய்துகொள்ளலாமா?

பதில்: 48 என்ற எண்ணை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது. இளம் வயதில் இந்தச் சுரப்பி சுமார் 20 கிராம் இருக்கும். நாற்பதைத் தாண்டியபின் மெல்ல வளரும். 30 கிராமிலேயே முக்கி முக்கிச் சொட்டுச் சொட்டாகப் போகிறவர்கள் உண்டு. 90 கிராம் வைத்துக்கொண்டு தாராளமாகப் போகிறவர்களும் உண்டு. சிறுநீர்ப்பைக்குக் கீழே குழாயைச் சுற்றி வளையம்போல் இருக்கும் இந்தச் சுரப்பி எந்தப் பக்கம் வளர்கிறது என்பதுதான் விஷயம். நடு மடல் மேல்நோக்கி வளர்ந்து பைக்குள் துருத்திக்கொண்டு நின்றால், முக்க முக்க அது மூடிபோல் வாயில் போய் உட்கார்ந்துகொள்ளும். உங்கள் ரிப்போர்ட்டில் ‘மீடியன் லோப்’ என்று ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். கிராம் கணக்கைவிட அது அதிகம் சொல்லும்.

உங்கள் முக்கியத் தொல்லை இரவில் எழுவது. இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். இரவில் எழுவதெல்லாம் புராஸ்டேட்டால் வருவதில்லை. ஒரு அளவுக் குவளையை வைத்துக்கொண்டு மூன்று நாள் ஒவ்வொரு முறையும் எத்தனை மணிக்கு, எத்தனை மில்லி போனது என்று எழுதுங்கள். படுத்தபின் இரவில் போனதையும் காலையில் எழுந்ததும் முதலில் போனதையும் கூட்டுங்கள். அது 24 மணி நேர மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால், உடல் இரவில் அதிகமாகச் சிறுநீர் தயாரிக்கிறது என்று பொருள். பகலில் காலில் தேங்கிய நீர் படுத்ததும் ரத்தத்துக்குத் திரும்புவது, இதயம் பலவீனமாக இருப்பது, குறட்டையோடு மூச்சுத் தடைபடும் தூக்கம், கட்டுப்படாத சர்க்கரை, மாலையில் போடும் நீர் பிரியும் மாத்திரை என்று காரணம் வேறு எங்கோ இருக்கும். லேசர் செய்துகொண்ட பிறகும் அந்த நான்கு நான்காகவே நிற்கும். மாறாக, ஒவ்வொரு முறையும் 80, 100 மில்லிதான் போகிறது, வந்த பிறகும் மிச்சம் இருப்பதுபோல் இருக்கிறது என்றால் பையையும் புராஸ்டேட்டையும் சந்தேகிக்கலாம்.

அடுத்து செய்ய வேண்டியவை: ஏழு கேள்விகள் கொண்ட அறிகுறிப் பட்டியல் (ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 மதிப்பெண், மொத்தம் 7 வரை லேசு, 8 முதல் 19 வரை நடுத்தரம், 20 முதல் 35 வரை கடுமை), சிறுநீர்ப் பரிசோதனை, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின், புராஸ்டேட் புற்றுநோய்ச் சந்தேகத்துக்குப் பார்க்கும் பிஎஸ்ஏ ஆகிய ரத்தப் பரிசோதனைகள், ஆசனவாய் வழி விரல் பரிசோதனை. பிறகு ‘யூரோஃப்ளோ’ என்ற வேகப் பரிசோதனையும், போன பிறகு பையில் எவ்வளவு மிச்சம் என்று பார்க்கும் ஸ்கேனும். வேகம் வினாடிக்கு 15 மில்லிக்கு மேல் இருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. 10க்குக் கீழே என்றால் அடைப்போ, பையின் பலவீனமோ இருக்கலாம். இந்தப் பரிசோதனைக்குப் பை ஓரளவு நிரம்பியிருக்க வேண்டும். 150 மில்லிக்குக் குறைவாகப் போனால் அந்தக் காகிதத்துக்கு மதிப்பில்லை, இன்னொரு முறை செய்யச் சொல்லுங்கள். வெளியே ஆள் வரிசையில் நிற்கும்போது அவசரத்தில் போன ரீடிங்கும் அப்படித்தான்.

கேள்வி: இரண்டு வருடமாக மாத்திரை சாப்பிடுகிறேன். மாத்திரையிலேயே ஓட்டிவிடலாமா, அறுவைச் சிகிச்சை கட்டாயம் என்பது எப்போது?

பதில்: மாத்திரையில் வேகமும் மிச்சமும் சரியாக இருந்து, தொல்லையும் குறைந்திருந்தால் தொடரலாம். டாம்சுலோசின் 0.4 மில்லிகிராம் பையின் கழுத்துத் தசையைத் தளர்த்தும். சில நாட்களிலேயே பலன் தெரியும், ஆனால் சுரப்பியைச் சுருக்காது. ஃபினாஸ்டிரைடு 5 மில்லிகிராமும் டூடாஸ்டிரைடு 0.5 மில்லிகிராமும் சுரப்பியை ஏறக்குறைய கால் பங்கு சுருக்கும். அதற்கு ஆறு மாதமாவது ஆகும். ஒரு மாதம் சாப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பலனில்லை என்று நிறுத்துவது இந்த இரண்டு மருந்துகளுக்கும் செய்யும் அநியாயம். டாம்சுலோசின் சாப்பிடுகிறவர்கள் கண்புரை அறுவைக்குப் போகுமுன் கண் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். கண்ணின் பாவை அறுவையின்போது சுருங்கிச் சிரமம் கொடுக்கும். மாத்திரையை நிறுத்திவிட்டாலும் அந்தத் தன்மை முழுதாக நீங்காது.

அறுவைச் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாத நிலைகள் இவை: அடைத்துக்கொண்டு டியூப் போட்டு, மருந்து கொடுத்துச் சில நாள் கழித்து எடுத்துப் பார்த்தும் மறுபடி அடைத்துக்கொள்வது, புராஸ்டேட்டிலிருந்து திரும்பத் திரும்ப ரத்தம் வருவது, பையில் கல், அடைப்பால் அடிக்கடி வரும் கிருமித் தொற்று, மேலே சிறுநீரகம் வீங்கிக் கிரியாட்டினின் ஏறுவது. கடைசியாகச் சொன்னதில் வலியே இருக்காது. படுக்கை நனைகிறது, அடிவயிறு உப்பியிருக்கிறது, அவ்வளவுதான் தெரியும். “எனக்கு அடைப்பே இல்லை, சும்மா ஒழுகிக்கொண்டே இருக்கிறது” என்று வருகிற முதியவரின் பையில் ஒரு லிட்டருக்கு மேல் நிற்பது அபூர்வமல்ல.

கேள்வி: லேசரில் கத்தி கிடையாது, மயக்க ஊசி கிடையாது, ஒளியைக் காட்டினால் கரைந்துவிடும் என்கிறார்கள். உண்மையில் உள்ளே என்ன செய்கிறார்கள்?

பதில்: வெளியே தையல் இல்லை என்பது உண்மை. மற்றபடி இது முழு அறுவைச் சிகிச்சை. மின்கம்பியால் உள்ளிருந்து சுரண்டி எடுக்கும் பழைய டி.யூ.ஆர்.பி. முறையிலும் வெளியே தையல் கிடையாது என்பதைச் சேர்த்து நினைவில் வையுங்கள்; தையல் இல்லாதது லேசரின் தனிப் பெருமை அல்ல.

பெரிய சுரப்பிக்கும் பொருந்தும் ஹோலெப் என்ற முறையை எடுத்துக்கொள்வோம். நியூசிலாந்தில் பீட்டர் கில்லிங் குழுவினர் 1990களில் உருவாக்கியது. ஹோல்மியம் லேசரால் சுரப்பியின் உள்சதையை அதன் உறையிலிருந்து பிரித்தெடுப்பது. சாத்துக்குடியை நினைத்துக்கொள்ளுங்கள். பழைய முறை, நடுவில் துளைபோட்டு உள்ளிருந்து கரண்டியால் சுரண்டிக்கொண்டே வருவது. தோல் வரை போவது பெரும்பாலும் நடக்காது. ஹோலெப், தோலுக்கும் சுளைக்கும் நடுவே போய்ச் சுளைகளை முழுதாகக் கழற்றுவது. தோல் அங்கேயே இருக்கும்.

பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்வார்கள். 26 பிரெஞ்ச், அதாவது ஒன்பது மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவான தடிமனுள்ள குழாய்க் கருவி ஆண்குறி வழியாக உள்ளே போகும். முதல் வேலை வெட்டுவதல்ல, இடம் பார்ப்பது: சிறுநீரகங்களிலிருந்து வரும் இரண்டு குழாய்களின் வாய்கள் எங்கே, விந்துக் குழாய்கள் திறக்கும் சிறு மேடு எங்கே, அதற்குக் கீழே சிறுநீரை அடக்கும் சுருக்குத் தசை எங்கே. அந்த மேட்டைத் தாண்டிக் கீழே வெட்டினால் ஒழுக்கு நிரந்தரமாகலாம். நடு மடல் பெரிதாக இருந்தால் மேலே உள்ள இரண்டு வாய்களும் பக்கத்திலேயே இருக்கும். அங்கும் கவனம் வேண்டும்.

பிறகு கடிகார முள் 5க்கும் 7க்கும் நேராகக் கழுத்திலிருந்து மேடு வரை உறை தெரியும் ஆழத்துக்கு இரண்டு கோடு கீறி, நடு மடலைக் கழற்றிப் பைக்குள் தள்ளுவார்கள்; அடுத்து இரு பக்க மடல்கள். மூன்றையும் ஒரே துண்டாக எடுக்கும் வழியும் இருக்கிறது. அப்படி எடுக்கும்போது சுருக்குத் தசையோடு ஒட்டியிருக்கும் முனைப் பகுதியை முதலிலேயே விடுவித்துவிடுவார்கள். கடைசியில் இழுத்துப் பிய்த்தால் தசை கிழியும் என்பதே காரணம். லேசரின் பங்கு பாதிதான். ஒவ்வொரு துடிப்பும் நீரில் ஒரு சிறு குமிழியை உண்டாக்கித் தசையை விலக்கும். பாதி பிரிப்பு கருவியின் நுனியால் தள்ளுவதால் நடப்பது. வெட்டும்போதே சிறு ரத்தக் குழாய்கள் மூடிக்கொள்ளும். பெரியவற்றை நுனியைச் சற்று விலக்கிப் பிடித்துச் சுடுவார்கள்.

பைக்குள் மிதக்கும் அந்தச் சதை 60, 100 கிராம் உருண்டையாக இருக்கும். குழாய் வழியாக வராது. மார்ஸலேட்டர் என்ற கருவி அதைக் கடித்து உறிஞ்சி வெளியே தரும். இந்தக் கட்டத்தில்தான் பைச் சுவரில் காயம் படுவது நடக்கும். பை நன்றாக விரிந்து, நீர் தெளிவாக இருந்தால்தான் கருவியை ஓட்ட வேண்டும். ரத்தத்தில் மங்கலாக இருந்தால் நிறுத்தி, ரத்தக் கசிவை முதலில் அடைக்க வேண்டும். அவசரப்பட்டால் சதைக்குப் பதில் பைச் சுவர் கடிபடும். கடைசியில் சுமார் 22 பிரெஞ்ச் அளவுள்ள மூன்று வழி டியூப் போட்டு, உப்பு நீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருப்பார்கள். நீர் தெளிவாகிவிட்டால் ஓரிரு நாளில் டியூப் எடுக்கப்படும். மொத்த நேரம் சுரப்பியின் அளவையும் செய்பவரின் கையையும் பொறுத்து ஒரு மணி முதல் இரண்டு மணி, பெரியதற்கு இன்னும் அதிகம்.

கேள்வி: ஹோல்மியம், தூலியம், பச்சை லேசர் என்று பல பெயர் சொல்கிறார்கள். எதைக் கேட்டு வாங்குவது? பழைய டி.யூ.ஆர்.பி. காலாவதியாகிவிட்டதா?

பதில்: காலாவதியாகவில்லை. 30 முதல் 80 கிராம் வரையுள்ள சுரப்பிக்கு நல்ல கையில் டி.யூ.ஆர்.பி. இன்றும் சரியான சிகிச்சை. பழைய மின்கம்பி முறையில் கிளைசின் கலந்த நீர் விடுவார்கள். அது ரத்தத்தில் கலந்து சோடியத்தைக் குறைத்துக் குழப்பம், வாந்தி, கண் மங்கல் வரை கொண்டுபோகும். அதனால் ஒரு மணி நேரத்துக்குள் முடிக்கும் கட்டாயம் இருந்தது. லேசரிலும், புதிய இருமுனை மின்கம்பியிலும் உப்பு நீரே போதும் என்பதால் அந்த ஆபத்து நீங்கியது. 80, 100 கிராமைத் தாண்டினால்தான் வித்தியாசம் பெரிதாகத் தெரியும். முன்பு அந்த அளவுக்கு வயிற்றைத் திறந்தார்கள். ஹோலெப்புக்கு அளவு ஒரு தடையே அல்ல.

ஹோல்மியம் 2,100 நானோமீட்டர். நீர் அதை உறிஞ்சிக்கொள்வதால் அரை மில்லிமீட்டர்கூடத் தசைக்குள் போகாது. அது கண்ணுக்குத் தெரியாத ஒளி. திரையில் தெரியும் வண்ணப் புள்ளி, எங்கே குறி வைக்கிறோம் என்று காட்டும் விளக்கு, அவ்வளவுதான். தூலியமும் அதே வேலையைச் செய்யும். துடிப்பாக இல்லாமல் தொடர்ச்சியாக வருவதால் வெட்டு வழவழப்பாக இருக்கும், நேர்த்தியாக ஆவியாக்கும். பச்சை லேசர் 532 நானோமீட்டர். ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் அதை உறிஞ்சும். அதனால் பெரும்பாலும் சதையை ஆவியாக்கப் பயன்படுகிறது, ரத்தக் கசிவு மிகக் குறைவு. குறையும் அங்கேதான்: ஆவியான சதையைப் பரிசோதனைக்கு அனுப்ப முடியாது. உள்ளே மிச்சம் விட்டால் சில வருடத்தில் மறுபடி வளர்ந்து இன்னொரு சிகிச்சை தேவைப்படும் வாய்ப்பும் ஹோலெப்பைவிடக் கூடுதல்.

லேசரின் பெயரைக் கேட்பதை விட்டுவிட்டு மருத்துவரிடம் இதைக் கேளுங்கள்: “சதையை உறையிலிருந்து முழுதாகக் கழற்றப்போகிறீர்களா, நடுவில் வழி மட்டும் போடப்போகிறீர்களா? என் அளவு சுரப்பியை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்?” ஹோலெப் கைக்கு வருவதற்கே இருபது முதல் ஐம்பது பேருக்குச் செய்த பழக்கம் வேண்டும் என்பது இந்தத் துறையில் எல்லோரும் ஒப்புக்கொண்டது. 120 வாட் எந்திரம் இருக்கிறது என்ற விளம்பரம் இந்தக் கேள்விக்குப் பதிலாகாது.

கேள்வி: இதயத்தில் ஸ்டென்ட் வைத்து எட்டு மாதம் ஆகிறது. ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் சாப்பிடுகிறேன். லேசர் என்றால் மாத்திரையை நிறுத்த வேண்டாம் என்கிறார் நண்பர்.

பதில்: நண்பர் பாதி சரி. ஆஸ்பிரின் 75 மில்லிகிராமைப் பெரும்பாலும் தொடர்ந்தபடியே செய்கிறோம். குளோபிடோக்ரலை வழக்கமாக 5 முதல் 7 நாள் முன்பு நிறுத்துவோம். ஆனால் அதை நிறுத்தலாமா என்று முடிவு செய்ய வேண்டியவர் இதய மருத்துவர். ஸ்டென்ட் வைத்த முதல் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை, அவசரமில்லாத அறுவைகளைத் தள்ளிப்போடுவதே நல்லது. டியூபோடு காத்திருப்பது எரிச்சல்தான். ஸ்டென்ட் அடைத்துக்கொள்வதோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் என்றால் 5 நாள் முன்பு நிறுத்தி ஐ.என்.ஆர். என்ற ரத்த உறைவுப் பரிசோதனை பார்ப்பார்கள். அபிக்ஸபான், ரிவராக்ஸபான் போன்றவற்றைச் சிறுநீரகத்தின் நிலையைப் பார்த்து 2, 3 நாள் முன்பு. எந்த மருந்தையும் நிறுத்தவே முடியாதவருக்கு லேசர், குறிப்பாகப் பச்சை லேசர், மின்கம்பியைவிடப் பாதுகாப்பு. அப்போதும் பின்னால் ரத்தம் கட்டி டியூப் அடைத்துக்கொள்ளும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்பதை வீட்டார் தெரிந்திருக்க வேண்டும்.

கேள்வி: அப்பாவுக்கு வயது 78, இருபது வருடச் சர்க்கரை. முதல்முறை அடைத்தபோது 1,400 மில்லி எடுத்தார்கள். இரண்டு மாதமாக டியூபோடு இருக்கிறார். லேசர் செய்தால் தானாகப் போய்விடுவாரா?

பதில்: இதற்கு யாரும் உறுதி சொல்லக் கூடாது. அடைப்பை எடுப்பது வழியைத் திறப்பது; தள்ள வேண்டியது பை. நீண்ட காலச் சர்க்கரையில் பையின் நரம்பு மந்தமாகி, நிரம்பியதே தெரியாமல் போகும். 1,400 மில்லி வரை வலியில்லாமல் பிடித்திருந்தது என்றால் அந்தத் தசை நன்றாக இழுபட்டுத் தளர்ந்திருக்கிறது. யூரோடைனமிக்ஸ் என்ற அழுத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள்: பை எவ்வளவு அழுத்தம் உண்டாக்குகிறது என்பதை மெல்லிய குழாய் வழியாக அளப்பது. அழுத்தம் நன்றாக இருந்து வேகம் குறைவாக இருந்தால் அடைப்பு; பலன் பெரும்பாலும் நல்லபடி இருக்கும். அழுத்தமே எழும்பவில்லை என்றால், அடைப்பை எடுத்த பிறகும் சிலருக்குச் சில வாரம் கழித்துப் பை தேறும், சிலருக்கு ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை மெல்லிய டியூபைத் தானே விட்டு எடுத்துக்கொள்ள வேண்டிவரும். ஹோலெப்பில் சதை முழுதாகப் போய்விடுவதால் பலவீனமான பைக்கும் ஓரளவு வழி கிடைக்கிறது. சற்றுச் சாதகமான பக்கம் அதுதான்.

அறுவைக்கு முன் இரண்டு வேலை. கிரியாட்டினின் கூடியிருந்தால் அது இறங்கி ஒரே நிலையில் நிற்கும் வரை டியூபோடு காத்திருங்கள். டியூப் இருப்பவர் எல்லோருக்கும் சிறுநீரில் கிருமி இருக்கும். அறுவைக்குச் சில நாள் முன்பு கல்ச்சர் (எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று பார்க்கும் சிறுநீர்ப் பரிசோதனை) செய்து, அதற்குப் பொருத்தமான மருந்தைத் தொடங்கிய பிறகே மேசையில் ஏற வேண்டும். கிருமியோடு கருவியை விட்டால் அன்று இரவே குளிர் நடுக்கமும் ரத்த அழுத்தச் சரிவும் வரலாம். எழுபதைத் தாண்டிய சர்க்கரை நோயாளிக்கு லேசர் தரக்கூடிய மிகப் பெரிய ஆபத்து இதுதான், ரத்தக் கசிவு அல்ல.

கேள்வி: கேட்கக் கூச்சமாக இருக்கிறது. இதன்பிறகு தாம்பத்தியம் பாதிக்கப்படுமா?

பதில்: விறைப்புத் தன்மைக்குப் பொதுவாகக் கேடு வராது, முன்பு இருந்தபடியே இருக்கும். மாறுவது விந்து வெளியேறுவது. பையின் கழுத்து திறந்தே இருப்பதால் விந்து வெளியே வராமல் பின்னோக்கிப் பைக்குள் போய், அடுத்த முறை சிறுநீரோடு கலந்து வெளியேறிவிடும். உச்ச உணர்வு இருக்கும், துளி வராது. ஹோலெப்புக்குப் பிறகு நான்கில் மூன்று பேருக்கு இப்படியாகும், பெரும்பாலும் திரும்பாது. உடலுக்கு இதனால் எந்தத் தீங்கும் இல்லை. ஆனால் முன்கூட்டியே யாரும் சொல்லாவிட்டால், “ஏதோ கெட்டுவிட்டது” என்ற பயத்தாலேயே விறைப்பும் போய்விடும். மனைவிக்கும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். இன்னும் குழந்தை வேண்டும் என்றிருப்பவர்கள் அறுவைக்கு முன் விந்தைச் சேமித்து வைக்கலாம், அல்லது கழுத்தைத் தொடாத வேறு சிகிச்சைகளைப் பற்றிக் கேட்கலாம்.

கேள்வி: ஹோலெப் செய்து மூன்று வாரம். அடைப்பு போய்விட்டது, இப்போது இருமினால், எழுந்தால் ஒழுகுகிறது. அவசரமும் தாங்க முடியவில்லை. சுருக்குத் தசையை வெட்டிவிட்டார்களா?

பதில்: மூன்றாவது வாரத்தில் அந்த முடிவுக்கு வர வேண்டாம். கருவி ஒரு மணி நேரத்துக்கு மேல் சுருக்குத் தசையை விரித்துப் பிடித்திருந்தது. பல வருடமாகப் பெரிய சதையே பாதி அடைத்துக்கொண்டிருந்ததால் அந்தத் தசைக்கு வேலையே இல்லாமல் இருந்தது. இப்போது தனியாகத் தாங்கப் பழக வேண்டும். அவசரத்துக்குக் காரணம் வேறு: அடைப்பை எதிர்த்துத் தள்ளித் தள்ளித் தடித்துப்போன பை, உள்ளே ஆறாத புண். பெரும்பாலோருக்கு மூன்று மாதத்துக்குள் நிற்கும், சிலருக்கு ஆறு மாதம் ஆகும். நிரந்தரமாக நிற்பது நூறில் ஓரிருவருக்கு.

காற்றை அடக்குவதுபோல் ஆசனவாயைச் சுருக்கி, ஆண்குறியின் அடிப்பகுதி உள்ளே இழுபடுவதை உணருங்கள். வயிறும் தொடையும் இறுகக் கூடாது. 5 வினாடி பிடித்து 5 வினாடி விடுங்கள், பத்து முறை. ஒரு நாளைக்கு மூன்று வேளை. பழகியதும் 10 வினாடியாக்குங்கள். இருமுவதற்கும் எழுவதற்கும் சற்று முன்பு ஒரு முறை சுருக்குங்கள். சிறுநீர் போகும்போது பாதியில் நிறுத்திப் பயிற்சி செய்யாதீர்கள். பை முழுதாகக் காலியாகாமல் போகும். அறுவைக்கு முன்பே கற்றுக்கொண்டவர்களுக்குச் சீக்கிரம் நிற்கிறது. அவசரத்துக்கு மாத்திரை உண்டு. ஒழுக்கோடு காய்ச்சலோ, நாற்றமோ, எரிச்சல் கூடுவதோ இருந்தால் முதலில் கல்ச்சர். ஒழுகுகிறதே என்று தண்ணீரைக் குறைப்பது தவறு. அடர்த்தியான சிறுநீர் அவசரத்தைக் கூட்டத்தான் செய்யும்.

கேள்வி: வீட்டுக்கு வந்து நன்றாகத் தெளிந்திருந்தது. பன்னிரண்டாம் நாள் மறுபடி ரத்தம். பயப்பட வேண்டுமா?

பதில்: உள்ளே இருக்கும் புண்ணின் பொருக்கு இரண்டாவது வாரத்தில்தான் உதிரும். அன்று நிறம் மாறுவது சகஜம். இளஞ்சிவப்பாக, கண்ணாடிக் குவளையில் விட்டால் பின்னால் விரல் தெரிகிற அளவு என்றால் நடமாட்டத்தைக் குறைத்து, இதய, சிறுநீரகத் தடை இல்லாதவர்கள் ஒரு நாளைக்கு 2 முதல் 2.5 லிட்டர் குடித்து ஓரிரு நாள் பாருங்கள். விரல் தெரியாத அடர் சிவப்பு, கட்டி கட்டியாக வருவது, போக முடியாமல் அடிவயிறு உப்புவது, காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டுவது ஆகியவற்றில் எதுவானாலும் அன்றே மருத்துவமனை. கட்டி அடைத்துக்கொண்டால் வீட்டில் தண்ணீர் குடித்துத் தள்ளிவிட முயலாதீர்கள். பை இன்னும் உப்பி இன்னும் ரத்தம் கசியும்.

மலம் முக்கினாலும் இந்த ரத்தம் வரும். நான்கு வாரம் மலமிளக்கியைத் தவறாமல் எடுங்கள். 5 கிலோவுக்கு மேல் தூக்குவது, இருசக்கர வாகனம், சைக்கிள், உடலுறவு எல்லாம் நான்கு வாரம் கழித்து. நடக்கலாம், படி ஏறலாம். நிறுத்தியிருந்த ரத்தம் உறையாமைக்கான மருந்தை எந்த நாளில் தொடங்குவது என்பதை டிஸ்சார்ஜ் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பலர் தாங்களாகவே அடுத்த நாள் தொடங்கிவிடுகிறார்கள், அல்லது ஒரேயடியாக மறந்துவிடுகிறார்கள்.

மாதங்கள் கழித்து வேகம் மறுபடி மெலிந்தால் சதை வளர்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். முதல் வருடத்தில் அப்படியானால் தழும்பால் குழாயோ கழுத்தோ சுருங்கியிருக்க வாய்ப்பு அதிகம். சிறு சுரப்பிகளில் கழுத்துச் சுருக்கம் கூடுதல்.

கேள்வி: சதையைத்தான் எடுத்துவிட்டார்களே, இனி புராஸ்டேட் புற்றுநோய் வராது அல்லவா?

பதில்: வரலாம். எடுத்தது சுளை, புற்றுநோய் பெரும்பாலும் தோன்றுவது தோல் பகுதியில், அது உள்ளேயே இருக்கிறது. எடுத்த சதையின் பயாப்ஸி ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். எதிர்பாராத புற்றுநோய் அதில் நூறில் ஐந்து முதல் பத்துப் பேருக்குத் தெரியவரும்; பெரும்பாலும் கண்காணித்தால் போதும் என்ற வகை. அறுவைக்கு முன்பே பிஎஸ்ஏ கூடுதலாக இருந்தால் முதலில் அதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். தொற்றோ டியூபோ இருந்த ஆறு வாரத்துக்குள் எடுத்த பிஎஸ்ஏவை நம்ப முடியாது. ஃபினாஸ்டிரைடு அல்லது டூடாஸ்டிரைடு ஆறு மாதம் சாப்பிட்டவர்களுக்கு வந்த எண்ணை இரண்டால் பெருக்க வேண்டும்.

ஹோலெப்புக்குப் பிறகு பிஎஸ்ஏ சரிந்துவிடும். மூன்று மாதம் கழித்து எடுக்கும் எண்தான் உங்கள் புதிய கணக்கின் தொடக்கம். அது 0.7 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வருடத்தில் 2.5 ஆகிறது. லேப் காகிதத்தில் “4 வரை இயல்பு” என்று அச்சிட்டிருக்கும், யாரும் சிவப்பு மை போட மாட்டார்கள். சுரப்பியின் பெரும்பகுதி போன உங்களுக்கு அது இயல்பல்ல, எம்.ஆர்.ஐ. பார்க்க வேண்டிய ஏற்றம்.

கேள்வி: எனக்கு 38 வயதுதான். சில வருடம் முன்பு விபத்தில் டியூப் போட்டிருந்தார்கள். இப்போது நீர் நூல்போல் வருகிறது. லேசர் செய்யலாம் என்கிறார்கள்.

பதில்: இந்த வயதில், இந்தப் பின்னணியில், புராஸ்டேட் முதல் சந்தேகமல்ல, குழாயில் தழும்புச் சுருக்கம், அதாவது ஸ்ட்ரிக்சர். யூரோஃப்ளோ காகிதத்திலேயே துப்பு கிடைக்கும்: புராஸ்டேட் அடைப்பில் கோடு தாழ்வாக ஏறி நீண்ட வால்போல் இழுபடும், ஸ்ட்ரிக்சரில் பெட்டியின் மூடிபோல் தட்டையாக ஓடும். மருந்து விட்டு எடுக்கும் எக்ஸ்ரேயில் எங்கே, எத்தனை நீளம் என்று பார்க்காமல் எதற்கும் சம்மதிக்காதீர்கள். 2 சென்டிமீட்டருக்குக் குறைவான முதல் சுருக்கமாக இருந்தால் உள்ளிருந்து ஒரு முறை கீறிப் பார்க்கலாம்; கத்தியால் கீறினாலும் லேசரால் கீறினாலும் நீண்டகாலப் பலனில் பெரிய வித்தியாசம் இல்லை. மறுபடி சுருங்கினால் இரண்டாவது, மூன்றாவது முறை கீறுவது தழும்பை நீளமாக்கும். அதற்குப் பதில் குழாயைத் திறந்து சீரமைக்கும் யூரெத்ரோபிளாஸ்டி செய்பவரிடம் போங்கள். தேவைப்பட்டால் கன்னத்தின் உட்தோலை எடுத்து ஒட்டுவார்கள். அதுவரை வீட்டிலேயோ சிறு கிளினிக்கிலேயோ கம்பி விட்டு விரிவாக்கிக்கொண்டே இருக்க வேண்டாம். எக்ஸ்ரேக்கு முன்பும் அறுவைக்கு முன்பும் சில வாரம் குழாயைத் தொடாமல் விட்டால்தான் சுருக்கத்தின் உண்மையான நீளம் தெரியும். இடையில் முழுதாக அடைத்துக்கொண்டால் அடிவயிறு வழியாகப் பைக்கு நேரே டியூப் போட்டுக்கொள்ளலாம்.